சங்கு ஊதிய ஞாயிற்றுக்கிழமை

என் அக்காவின் கணவர் செத்துப்போய்ப் பல வருடங்கள் ஆகின்றன என்பதை நான் ரயிலில் தெரிந்துகொண்டேன். எதிர் இருக்கையில் இருந்தவனின் செல்போன் சொன்னது. அன்று விடியற்காலையில்தான் அவர் குழாயடியில் குடத்தோடு நின்று, தண்ணீர் திறந்துவிடாதவனின் பரம்பரையைத் திட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு ஸ்டேஷனுக்கு வந்திருந்தேன்.

எனக்கு பெங்களூரில் ஒரு கம்பெனி ஸ்டோரில் வேலை. கே.ஜி.எஃப். என்கிற கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் போய் ரயிலில் திரும்புகிறேன். ரயிலில் நான் யாரோடும் பேசுவதில்லை. பேசினால் பதில் சொல்வார்கள், அதற்கு நான் மறுபடி பேச வேண்டியிருக்கும். அதனால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவேன். ஆனால் காதை என்ன செய்வது? எதிரே இருந்த இரண்டு பையன்களும் ஒரு போனைப் பிடித்துக்கொண்டு சத்தத்தை முழுசாகத் திறந்துவிட்டிருந்தார்கள். தொண்டைக்குள் பானை ஒன்றை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி ஒரு குரல், "தங்கம் கேட்ட பூமி, மனித உயிர்களைத் தின்றது" என்று ஆரம்பித்தது. இந்த மாதிரிப் படங்களில் பூமி எப்போதும் எதையாவது தின்றுகொண்டே இருக்கும். பிறகு அந்தக் குரல் எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னது. நான் தலையைத் திருப்பினேன். திரையில் என் அக்கா ஓடிக்கொண்டிருந்தாள்.

நைட்டி, தோளில் துண்டு, ஈரத் தலை, செருப்பில்லாத கால். வாய் திறந்திருந்தது, ஆனால் அவள் குரல் வரவில்லை. அந்த இடத்தில் வயலினை வைத்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். கீழே, "என் புருஷனைக் கொடு!" என்று சிவப்பு எழுத்து. கணவனைச் சுரங்கம் விழுங்கியதாம், உடல்கூடக் கிடைக்கவில்லையாம், அன்றிலிருந்து சுரங்கத்துச் சங்கொலி கேட்கும்போதெல்லாம் இந்தப் பெண் புத்தி பேதலித்து ஓடுகிறாளாம். இது நடிப்பல்ல, உண்மைக் காட்சி என்று மூலையில் ஒரு முத்திரை வேறு குத்தியிருந்தது.

"சக்கத்தா கீது மச்சா, அந்தம்மா முழியப் பாரு."

"டேய், எல்லாம் செட்டப்பு. துட்டு குடுத்து ஓடச் சொல்லியிருப்பானுங்க."

"துட்டு குடுத்தா இப்பிடி ஓடுமா? காலுல செருப்புகூட இல்ல. நெசம்டா."

"நெசம்னா கேமரா எப்பிடி முன்னாடியே போய் வேலியாண்ட நிக்குது? லூசு."

இரண்டு பேரும் சொன்னது சரி. அதுதான் எரிச்சல். அது என் அக்கா, அவள் புருஷன் உயிரோடு இருக்கிறார், காலையில் என்னிடம் ஒரு தீப்பெட்டிகூடக் கேட்டார் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லியிருந்தால் என்னையும் படம் எடுத்திருப்பார்கள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

இந்த வகைப் படங்கள் எனக்குப் புதிதில்லை. நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் சுரங்கத் தொழிலாளர் லைனில் ஒரு வீட்டில்தான் வி.சி.ஆர். இருந்தது. சனிக்கிழமைகளில் சினிமா முடிந்த பிறகு, பெண்களை அனுப்பிவிட்டு, 'உலகத்தின் உண்மைச் சாவுகள்' என்கிற மாதிரி எதையாவது போடுவார்கள். பாராசூட் விரியாதவன், முதலையிடம் மாட்டியவன், எந்த ஊர் என்றே தெரியாத ஒரு காட்டில் ஏதோ பூஜை. முக்கால்வாசி தக்காளிச் சாறு. மீதிக் கால்வாசியில் நிஜமாகவே யாரோ செத்திருப்பார்கள். எது எது என்று தெரியாமல் வைப்பதுதான் அந்த வியாபாரமே. சாறு என்று தெரிந்தால் சிரித்துவிடுவோம், நிஜம் என்று தெரிந்தால் எழுந்து போய்விடுவோம். இரண்டும் தெரியாதபோதுதான் உட்கார்ந்திருப்போம். அப்படி உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் மறுநாள் ஷிப்டுக்கு அண்டர்கிரவுண்டில் இறங்கப் போகிறவர்கள். கூட வேலை பார்த்தவனைத் தூக்கி வந்தவர்களும் அங்கே இருந்தார்கள். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவர்கள், பாராசூட்காரனுக்காக 'ஐயோ பாவம்' என்றார்கள்.

இப்போது கேசட் போய் போன் வந்துவிட்டது. 'இதயம் பலவீனமானவர்கள் பார்க்க வேண்டாம்' என்று எழுதுவது மட்டும் மாறவில்லை. பஜ்ஜிக் கடையில் 'சூடாக இருக்கிறது' என்று எழுதிவைப்பது மாதிரிதான் அது. யாரையும் விலக்குவதற்காக எழுதுவதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது மைசூர் மைன்ஸில், பழைய லைன் வீடுகளில். எனக்கும் அக்காவுக்கும் நடுவில் மூன்று வீடுகள். சுரங்கம் மூடி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. சில வருடங்களாக, கேமராவைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அன்று வந்தவர்கள் மூன்று பேர், ஒரு கார். மைக் வைத்திருந்தவன் கறுப்புச் சட்டை போட்டு, பட்டப்பகலில் தலையில் டார்ச் கட்டிய புது ஹெல்மெட்டோடு இறங்கினான். விலைச் சீட்டுகூட உள்ளே ஒட்டிக்கொண்டிருந்திருக்கும்.

எங்கள் ஆட்களையும் நான் விடப்போவதில்லை. கோடி வீட்டில் ஒரு பென்ஷன்காரர் இருக்கிறார். கேமரா வந்தால் முதலில் வேட்டியை மாற்றிக்கொண்டு வருகிறவர் அவர்தான். ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு பேய் வைத்திருக்கிறார். ஒருவனுக்கு வெள்ளைப் புடவை, இன்னொருவனுக்குத் தலையில்லாத துரை. இந்தக் கறுப்புச் சட்டைக்காரனுக்கு அவ்வளவு போதவில்லை.

"ஐயா, கொஞ்சம் இருமுங்க."

"எனக்கு இருமல் இல்லியே தம்பி."

"பரவால்ல ஐயா, சும்மா. நெஞ்சப் புடிச்சிக்கிட்டு."

"டீ சொல்லு, வரும்."

டீ வந்தது, இருமலும் வந்தது. அவர் இருமிய இருமலில் உள்ளே இருந்த அவர் மனைவி பயந்துபோய்ச் சொம்புத் தண்ணீரோடு ஓடி வந்தார். லைனே சிரித்தது. கறுப்புச் சட்டைக்காரன் மட்டும் "சிரிக்காதீங்க, சிரிக்காதீங்க, சவுண்டு போகுது" என்று கையை ஆட்டினான்.

அடுத்து மண்ணில் எலும்பு வைத்தார்கள். உடைந்த செங்கல் நாலு, ஒரு மெழுகுவர்த்தி, நடுவில் எலும்பு. ஞாயிற்றுக்கிழமை ஆனதால் எலும்புக்கு எங்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. என் அக்காவின் கணவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். சவரம் செய்துகொள்ளக் கிளம்பிய மாமா அதைப் பார்த்துவிட்டு நின்றார்.

"தம்பி, அது நல்லி எலும்பு. படம் புடிச்சிட்டு குடுத்துடு, சூப்புக்காவது ஆவும்."

மறுபடி சிரிப்பு. அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. கோடி வீட்டுக்காரருக்கு அது பிடிக்கவில்லை. குடித்த டீக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, தோளில் கை போட்டு அவனைத் தனியாக அழைத்துப் போய், "பேயெல்லாம் இன்னாத்துக்கு தம்பி? அந்தக் காலத்துல சங்கு ஊதுனா பாத்துருக்கணும். ஷிப்டு சங்கு ஒரே நீளமா ஊதும். ஆக்சிடென்டுன்னா வுட்டு வுட்டு ஊதும். ஊதுச்சின்னா ஒரு வூட்டுல பொம்பள இருக்காது, லைனே காலி" என்று விளக்கினார். எனக்கும் கேட்டது. அதில் என்ன ஆபத்து இருக்கிறது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அவருக்கும் தோன்றியிருக்காது. கார், இன்னொரு சுரங்கப் பகுதியான பாலகாட் பக்கமாகக் கிளம்பிப் போனது. தொலைந்தார்கள் என்று நான் வீட்டுக்குள் வந்து பேப்பரை விரித்தேன்.

சங்கு ஊதியது.

எங்கள் சங்கு இல்லை அது. ஏதோ மில் சைரனாக இருக்கலாம், யுத்தப் படத்தில் வருகிறதாக இருக்கலாம். ஆனால் விட்டு விட்டு ஊதியது. என் கையில் பேப்பர் இல்லை, நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். நடுவில் எழுந்ததும் நடந்ததும் எனக்குத் தெரியவில்லை.

இதை வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியுமா என்று தெரியவில்லை. அந்தச் சங்குக்கு எங்கள் பெண்களிடம் ஒரு முறை இருந்தது. அடுப்பை அணைக்க வேண்டும். கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஓட வேண்டும். வழியில் யாரும் யாரிடமும் 'உங்க வீட்டுக்காரர் எந்த ஷிப்டு' என்று கேட்கக் கூடாது. தன் ஆளின் பெயரைத் தன் வாயால் சொல்லக் கூடாது. சுரங்கத்தில் இறங்குகிற குழியான ஷாப்டின் கேட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்கலாம்: எந்த லெவல்? பூமிக்கடியில் எந்த ஆழம் என்று தெரிந்தால், தன்னுடையவன் அங்கே இருந்தானா இல்லையா என்று அவரவர் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பிறகு ஆட்களை ஏற்றிவருகிற கேஜ் மேலே வருகிறவரை நிற்க வேண்டும். யாரும் கற்றுக்கொடுத்த முறை இல்லை. கல்யாணமாகி வந்த பெண் முதல் தடவை மற்றவர்களைப் பார்த்து ஓடுவாள், இரண்டாம் தடவை தானாக ஓடுவாள்.

அன்று லைனில் எல்லா அடுப்பும் அணைந்தன. ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்கூட வீட்டில் இல்லை. மருமகள்கள் போனைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னா ஆச்சி? எங்க ஓடறீங்க அத்தை?" என்று வாசலில் நின்று கத்தினார்கள். ஓடியவர்களில் ஒருத்தி கையில் குழம்புக் கரண்டி. தலை குளித்துக்கொண்டிருந்த என் அக்கா அப்படியே வந்தாள். நானும் ஓடினேன். சுரங்கத்துக்குள் எனக்கு யாரும் இல்லை. யாருக்குமே யாரும் இல்லை. அங்கே தண்ணீர்தான் இருக்கிறது. ஆனால் அது ஓடி முடித்த பிறகு வருகிற யோசனை.

ஷாப்டைச் சுற்றிப் போட்ட வேலிக்குப் பக்கத்தில் கார் நின்றிருந்தது. அக்கா வேலியைப் பிடித்துக்கொண்டு, "எந்த லெவலு? எந்த லெவலு?" என்று கத்தினாள். கேமரா அவள் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது. அவளுக்கு அது கண்ணில் படவே இல்லை.

அப்போது கடைத்தெருப் பக்கமிருந்து மாமா ஓடி வந்தார். அந்தக் காலத்தில் ஷிப்டில் இல்லாத ஆண்கள் சங்கு கேட்டால் ஷாப்டுக்கு ஓடுவார்கள், ஆளைத் தூக்க. சுரங்கத்தில் வேலை பார்த்த அவரும் அந்தப் பழக்கத்தில் சலூன் நாற்காலியிலிருந்து எழுந்து வந்திருந்தார். கழுத்தில் சலூன்காரரின் வெள்ளைத் துணி. ஒரு கன்னம் மழித்து, ஒரு கன்னம் முழுக்கச் சோப்பு நுரை. அக்கா அவரைப் பார்த்தாள். ஒரு நொடி யாரென்றே தெரியாத மாதிரி பார்த்தாள்.

"அடப்பாவி மனுசா, நீ வெளியதான் கீறியா!"

போய் அவர் நெஞ்சில் இரண்டு குத்துவிட்டாள். பிறகு ரோட்டிலேயே உட்கார்ந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். கரண்டிக்காரி சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள், கண்ணில் தண்ணீர் வருகிறவரை. மாமா நுரையோடு, "யாருக்குடி இன்னா ஆச்சி? சொல்லித் தொலைங்கடி" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குள் ஒருத்தி கார் கூரையில் ஒலிபெருக்கி இருந்ததைப் பார்த்துவிட்டாள். அதற்கப்புறம் எங்கள் பெண்கள் அந்த மூன்று பேரையும் அவர்கள் வம்சத்தையும் திட்டிய திட்டை அப்படியே போட்டிருந்தால், இதயம் பலவீனமானவர்கள் நிஜமாகவே பார்க்க முடியாத படம் ஒன்று அவர்களுக்குக் கிடைத்திருக்கும். கார் பறந்துவிட்டது.

போட்டது எதை? ஓட்டத்தைப் போட்டார்கள். வேலியைப் போட்டார்கள். நுரை, குத்து, சிரிப்பு எல்லாவற்றையும் வெட்டிவிட்டார்கள். அந்த இடத்தில் ஏதோ வெளிநாட்டுக் குகை, அதில் வௌவால். பிறகு மாலை போட்ட ஒரு போட்டோ.

அன்று சாயங்காலம் ஊரில் ரயிலிலிருந்து இறங்கியதும் நேராக அக்கா வீட்டுக்குப் போய்ப் படத்தைக் காட்டினேன். மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தன் சாவைப் பார்த்தார்.

"மச்சான், போட்டோவுல கீறது யாரு?"

"தெரியல மாமா. நீங்கன்னுதான் சொல்றான்."

"என்னவிட நல்லாத்தான் கீறான். இன்னாடி, இவன்கூட எத்தினி வருசம் குடும்பம் நடத்துன?"

அக்கா சிரிக்கவில்லை. "நைட்டியோட காமிச்சிட்டானே, உலகத்துக்கே" என்றாள். அப்போது அவளுக்கு அது ஒன்றுதான் கவலை. பெரிய கவலை இரண்டு நாள் கழித்து வந்தது.

அக்கா ஒரு நர்சரிப் பள்ளியில் ஆயா. பல வருடங்களாக அதுதான் அவள் வேலை, அதுதான் அவள் பெருமையும். மூக்கு துடைப்பாள், கால் கழுவிவிடுவாள், சாப்பிடாததை ஊட்டுவாள், மதியம் கேட்டில் நின்று ஒவ்வொரு பிள்ளையையும் சரியான கையில் ஒப்படைப்பாள். அவளுக்குச் சொந்தப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி எங்கள் வீட்டில் பேசுவதில்லை, அவளும் பேச மாட்டாள். ஆனால் பள்ளி லீவு விட்டால் அவளுக்கு வீட்டில் கை கால் ஓடாது என்று எனக்குத் தெரியும்.

பள்ளி நடத்துகிற மேடம் அவளைக் கூப்பிட்டு, பிள்ளைகளின் அம்மாக்கள் குரூப்பில் அந்தப் படம் வந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார். புத்தி சரியில்லாத ஆளிடம் எப்படிப் பிள்ளையை விடுவது என்று கேட்கிறார்களாம். "எனக்கு உங்களத் தெரியும். ஆனா அவங்களுக்கு நான் இன்னா சொல்றது? கொஞ்ச நாளு வராதீங்க" என்றாராம். அந்த மேடத்துக்கும் சொந்த ஊர் பாலகாட்தான். சங்கு என்றால் என்னவென்று அவருக்கும் தெரியும். தெரிந்தாலும் ஃபீஸ் கட்டுவது அம்மாக்கள் அல்லவா.

நான் வாழ்க்கையில் நானாகப் பத்துப் போன் செய்திருந்தால் அதிகம். அன்று அந்தப் படத்தின் கீழே இருந்த எண்ணைத் தேடிப் போட்டேன். சொல்ல வேண்டியதை இரண்டு தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். எடுத்தவன் அந்தக் கறுப்புச் சட்டைக்காரன்தான். போனில் பானை இல்லாத சாதாரணக் குரல், கொஞ்சம் மூக்கடைப்பு.

"சார், அவரு உயிரோட இருக்காரா? சூப்பர் சார்! பார்ட் டூ பண்ணிரலாம். 'முப்பது வருடம் கழித்துத் திரும்பிய கணவன்'. நீங்க ஒரு நாள் மட்டும் குடுங்க."

"எங்கயும் போவலைங்க அவரு. வூட்டுலதான் கீறாரு. படத்த எடுத்துடுங்க."

"அது நல்லா ஓடுது சார்."

"அவரு சோப்பு நுரையோட வந்தாரே, நீங்களும் எடுத்தீங்களே. அதையாவது சேத்துப் போடுங்க."

"அது சிரிப்பா இருக்கும் சார். மூட் போயிரும்."

நான் போனை வைத்துவிட்டேன். மூட் போய்விடுமாம். என் அக்காவுக்கு வேலை போனதைவிட இவனுக்கு மூட் போவது பெரிசு. இவன் பொய் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கசந்திருக்காது. நல்லி எலும்பு பொய், இருமல் பொய். அதெல்லாம் யாரையும் கெடுக்கவில்லை. படத்தில் ஒரே ஒரு நிஜம் இருந்தது, அது என் அக்காவின் பயம். அதைத் திருடிக்கொண்டு போய்ப் பொய்க்கு நடுவில் பதித்துவிட்டான். மற்ற பொய்களையெல்லாம் அது நிற்க வைத்துவிட்டது.

பிறகு மேடமே ஒரு வழி சொன்னார். "நார்மலா இருக்கறாப்புல ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்க. குரூப்ல போடறேன்." அதாவது அக்கா அக்காவாக இருப்பதைப் படம் எடுக்க வேண்டும். என் போன், நான்தான் கேமராமேன்.

நல்ல புடவை கட்டி, பூ வைத்து, நாற்காலியில் உட்கார்ந்தாள். போனை உயர்த்தியதும் கல்லாகிவிட்டாள். இமைக்கவில்லை. உதடு மட்டும் இழுத்துக்கொண்டு பல் தெரிந்தது.

"சிரிடி" என்றார் மாமா.

"சிரிச்சிகினுதான கீறேன்."

"இதுவா சிரிப்பு? எனக்கே பயமா கீது."

வேலை செய்கிற மாதிரி எடுக்கலாம் என்றேன். பீன்ஸ் நறுக்க உட்கார்ந்தாள். கேமராவைப் பார்த்துக்கொண்டே கத்தியை நறுக் நறுக்கென்று போட்டாள். அதைத் திரும்பப் போட்டுப் பார்த்தபோது மாமா, "கத்தி வேணாம் மச்சான். கத்தியோட அனுப்பாத" என்றார். அடுத்ததில் தான் உயிரோடு இருப்பதை நிரூபிக்க மாமா உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். என்றைக்கு எடுத்தது என்று சந்தேகம் வரக் கூடாதாம், அதனால் அன்றைய பேப்பரை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். யாரோ கடத்திக்கொண்டு போய் வைத்திருக்கிற ஆள் மாதிரி இருந்தார். "நான் இவங்களோட கணவன். நான் நல்லா உயிரோட இருக்கேன்" என்று பள்ளிக்கூட நாடகத்துத் தமிழில் ஒப்பித்தார். கோடி வீட்டுக்காரர் வாசலில் நின்று, "கண்ணத் தொடச்சிக்கோ, அப்பத்தான் நம்புவானுங்க" என்று யோசனை சொன்னார். அக்கா அவரைப் பார்த்து, "நீங்க மொதல்ல வூட்டுக்குப் போங்க" என்றாள். அந்த ஒரு வாக்கியம்தான் அன்று முழுக்க இயற்கையாக வந்தது. அப்போது நான் பட்டனை அழுத்தியிருக்கவில்லை.

இருப்பதில் சுமாரானதை அனுப்பினோம். குரூப்பில் வந்த பதில்களை மேடம் அக்காவுக்குக் காட்டியிருக்கிறார். 'அந்த ஆள் யாரு, ஆக்டரா?' 'பேப்பர் வெச்சிருக்காரு, ஸ்கிரிப்ட் பண்ணது.' 'அவங்க கண்ணே சரியில்ல பாருங்க.' வயலின் வைத்ததை நம்பினார்கள். வாசலில் கோழி கத்துகிற சத்தத்தோடு போனதை நம்பவில்லை.

அந்தச் சனிக்கிழமை எனக்கு லீவு. பள்ளிக்கு அரை நாள். பிள்ளைகளை விடுகிற நேரத்துக்கு முன்னால் அக்கா என் வாசலில் வந்து நின்றாள். எப்போதும் வேலைக்குக் கட்டுகிற காட்டன் புடவை.

"வாடா, போலாம்."

"எங்கக்கா?"

"ஸ்கூலுக்கு."

"இன்னா பேசறது அங்க?"

"நீ எப்பப் பேசியிருக்க? சும்மா கூட வா."

போனோம். கேட் உள்பக்கம் சாத்தியிருந்தது. வெளியே அம்மாக்கள், மாமியார்கள், இரண்டு ஆட்டோ. அக்கா நடந்து வந்ததும் கொஞ்சம் இடம் விட்டார்கள், மரியாதைக்கு இல்லை. ஸ்கூட்டரில் சாய்ந்து நின்ற ஓர் இளம் அம்மா, அக்காவிடம் சொல்லாமல் பொதுவாகச் சொன்னாள்.

"மேடம் வர வேணாம்னு சொல்லிட்டாங்கல்ல? இன்னாத்துக்கு வந்து நிக்கறாங்க? கொழந்தைங்க பயப்படும்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் பையோடு நின்றிருந்த அவள் மாமியார்தான் பேசினார்.

"எந்தக் கொழந்த பயந்துச்சி?"

"அத்தை, நீங்க சும்மா இருங்க. வீடியோவ நீங்க பாக்கல?"

"பாத்தேன். நீ பாத்தியா?"

"எத்தினியோ வாட்டி பாத்துட்டேன்."

"அவ்ளோ வாட்டி பாத்தியே, அவளுக்குப் பின்னாடி பச்ச நைட்டி ஒண்ணு ஓடுதே. அது யாருன்னு தெரிஞ்சிதா?"

மருமகள் போனை எடுத்துப் பார்த்தாள்.

"நான்தான்டி அது. நீ தொவச்சிப் போட்ட நைட்டி. அதுகூடத் தெரியல உனக்கு."

பிறகு கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல், "கரண்டியோட ஓடனது நானு. என்னையும் எழுதிக்கோங்க" என்றது. இன்னொருத்தி, "நான் வேலியாண்ட வுழுந்தேன், அத வெட்டிட்டான் பாவி" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிள்ளைகளை அழைத்துப் போக தினமும் கேட்டில் நிற்கிறவர்கள் பாதிப் பேர், அன்று ஓடிய அதே பெண்கள்தான். படம் வந்ததிலிருந்து வெட்கப்பட்டு வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்கள். குரூப்பில் எழுதியவர்கள் அவர்களுடைய மருமகள்களும் மகள்களும்.

"அவ பைத்தியம்னா நானும் பைத்தியம்தான். நாளையிலிருந்து நீயே ஆக்கித் துன்னு" என்றார் மாமியார்.

அந்தப் பெண்ணைச் சொல்லி என்ன, அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. இந்த முறை அக்காவைப் பார்த்தே கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை.

"சங்கு பொய்தானே ஆயா? மைன்ஸ் மூடியே எத்தினி வருசம் ஆச்சி. அப்பறம் ஏன் ஓடுனீங்க?"

"உன் பையன் தெனம் காலையில வயித்து வலின்னு அழுவறான். நெசமா பொய்யான்னு பாத்துட்டா நான் ஓடறேன்?" என்றாள் அக்கா.

மணி அடித்தது. உள்ளே கதவு திறந்து பிள்ளைகள் மொத்தமாக வந்து கேட்டில் மோதினார்கள். நான்கு நாட்களாக அந்த இடத்தில் ஆள் இல்லை போலிருக்கிறது. மேடம் ஒருவரே இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு அவர்களைத் தடுத்துப் பார்த்தார். ஒருவன் கம்பியில் ஏறிவிட்டான். மேடம் வெளியே பார்த்தார். வந்திருந்த எல்லோரையும் பார்த்தார். பிறகு பழக்கத்தில் வருகிற எரிச்சலோடு, "ஆயா, இன்னா நின்னுகினு கீறீங்க? கேட்டப் புடிங்க" என்றார்.

அக்கா உள்ளே போனாள். ஏறியவனை இடுப்பில் பிடித்து இறக்கினாள். கேட்டை ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு மட்டும் திறந்து, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எதிரே நிற்கிற கையைப் பார்த்து அனுப்பினாள். யாரும் மறுக்கவில்லை. வயிற்று வலிப் பையன் நடுவில் வந்தான். அவன் அம்மா ஸ்கூட்டரை விட்டு இறங்கி வந்து கையை நீட்டினாள். அக்கா உடனே விடவில்லை. அவன் சட்டையைப் பிடித்துத் திருப்பிக் காட்டினாள்.

"ரெண்டு பட்டன் இல்ல. திங்கக்கெழம தெச்சி அனுப்பு."

"சரி ஆயா" என்றாள் அந்தப் பெண்.